கடைத் திரிகடுகை ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம எடையில் இடித்துச் சலித்தால் திரிகடுகு. முழுசாக இருக்கும்வரை மூன்றுக்கும் முகம் உண்டு: சுக்கின் நார், மிளகின் சுருக்கம், திப்பிலியின் கதிர். பொடியானதும் மூன்றும் ஒரே பழுப்பு. அந்தப் பழுப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு சிறிய ஆய்வகத்தில் எந்த வரிசையில் பார்ப்பது, எங்கே ஏமாறுவோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்த மூன்று சரக்கும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. சீனத்தின் அரசு மருந்துநூலிலும் கான் ஜியாங், ஹூ ஜியாவ், பீ போ என்ற பெயர்களில் தனித்தனியாக இருக்கின்றன. அதன் 2020 பதிப்பு உலர் எடைக் கணக்கில் வைத்திருக்கும் அளவுகள் நமக்கும் உதவும்: சுக்கில் அதன் காரப்பொருளான 6-ஜிஞ்சரால் 0.60 சதவீதத்துக்கும், மிளகில் அதன் காரப்பொருளான பைப்பரின் 3.3 சதவீதத்துக்கும், திப்பிலியில் பைப்பரின் 2.5 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு வீதம் கணக்குப் போட்டால், நேர்மையான திரிகடுகில் பைப்பரின் 1.9 சதவீதமாவது, 6-ஜிஞ்சரால் 0.20 சதவீதமாவது இருக்க வேண்டும். பைப்பரின் 0.8 என்று வந்தால், கலப்படமோ கழிவோ, பாதிக்கு மேல் வேறு ஏதோ உள்ளே இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணைச் சொல்லும் எச்.பி.எல்.சி. (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) சோதனைக்குக் கடைசியில்தான் பணம் கட்ட வேண்டும். அதற்கு முன் நுண்ணோக்கியும் சாம்பலுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

எதைத் தேடுவது

கலப்படம் எப்போதும் அந்தந்த ஊரில் மலிவாகக் கிடைப்பதைக் கொண்டே நடக்கும். சேலத்தைச் சுற்றி மலிவாகவும் மூட்டை மூட்டையாகவும் கிடைப்பவை மூன்று: மரவள்ளி மாவு, சேகோ ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி, வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட்டின் தூள். யாரோ கலக்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியவை இவை, அவ்வளவுதான். திப்பிலியில் திப்பி என்று விளையாட்டாகச் சொல்லலாம், ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு சோதனையில் சிக்கும், மற்றவற்றில் நழுவும்.

மாதிரி எடுப்பது

அறிக்கையில் வரும் எண், நீங்கள் உள்ளே போட்ட இரண்டு கிராமுக்குத்தான் சொந்தம். அந்த இரண்டு கிராம் மூட்டை முழுவதற்கும் சாட்சி சொல்லும்படி எடுப்பது உங்கள் வேலை.

ஐந்து மூட்டை வரை இருந்தால் எல்லாவற்றிலும் எடுங்கள். 6 முதல் 50 வரை என்றால் ஐந்தில். அதற்கு மேல் போனால் பத்தில் ஒன்றில். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் குத்தூசி போட வேண்டும். வாயை அவிழ்த்து மேலே ஒரு கை அள்ளுவது பெரிய தவறு. லாரியில் குலுங்கி வரும்போது மண்ணும் கல்தூளும் அடிக்கு இறங்கிவிடும், நார் மேலே நிற்கும். கடை பாக்கெட் என்றால் ஒரே பேட்ச் எண் உள்ளவையாக, கிருமிச் சோதனைக்கான 50 கிராம் போக 300 கிராமாவது தேறும்படி வாங்குங்கள்.

எல்லாவற்றையும் சுத்தமான தாளில் கூம்பாகக் கொட்டித் தட்டையாக்கி, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நான்காகப் பிரியுங்கள். எதிரெதிரே உள்ள இரண்டு பங்கை ஒதுக்கி, மிச்சத்தைக் கலந்து மறுபடி அதையே செய்யுங்கள். 300 கிராம் வந்ததும் நிறுத்தி மூன்றாக்குங்கள்: ஒன்று சோதனைக்கு, ஒன்று மறுசோதனைக்கு, ஒன்று முத்திரையிட்டு வைக்க. கிருமிச் சோதனைக்கு வேண்டிய 50 கிராமை மட்டும் இந்தத் தாளில் கொட்டுவதற்கு முன்பே, ஸ்டெரைல் செய்த கரண்டியால் தனியாக எடுத்துவிட வேண்டும். கை பட்டபின் எடுத்தால் எண்ணுவது உங்கள் கைக் கிருமியைத்தான்.

ஒப்பிட ஒரு பொடி

பல சிறு ஆய்வகங்கள் தவிர்க்கும் வேலை இது. லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ முழுச் சுக்கும் திப்பிலியும் வாங்குங்கள். மிளகுக்கு ஏற்காட்டுத் தோட்டத்து மிளகு போதும். முழுசாக இருக்கும்போதே பார்த்து உறுதி செய்து, தனித்தனியாக அரைத்து, பழுப்புப் புட்டியில் தேதி எழுதி வையுங்கள். மூன்றையும் சம எடையில் கலந்தது உங்கள் ஒப்பீட்டுப் பொடி. இனி எந்தச் சோதனையிலும் கடைப் பொடியோடு இதுவும் கூடவே போக வேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. சித்த முறைப்படி சுக்கைச் சுத்தி செய்யும்போது சுண்ணாம்பு சேர்கிறது. அப்படிச் சுத்தி செய்த சுக்கில் சாம்பல் கூடுதலாகவே நிற்கும். எனவே ஒப்பீட்டுச் சுக்கையும் அதே முறையில் சுத்தி செய்யுங்கள். இல்லையென்றால் ஒழுங்காக மருந்து செய்தவரைக் கலப்படக்காரர் ஆக்கிவிடுவீர்கள்.

இரண்டாவது, பெயர். திப்பிலி கேட்டால் அரிசித்திப்பிலி வரலாம், கண்டந்திப்பிலியின் தண்டுத்துண்டு வரலாம், யானைத்திப்பிலி வரலாம். யானைத்திப்பிலி வேறு குடும்பத்துச் செடி. பெயர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சீன மருந்தில் ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. ஃபாங் ஜி என்ற பெயரில் அங்கே இரண்டு வேர்கள் விற்றன. ஒன்று ஸ்டெஃபானியா, இன்னொன்று குவாங் ஃபாங் ஜி எனப்படும் அரிஸ்டலோகியா. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் முதலாவதற்குப் பதில் இரண்டாவது போய்ச் சேர, நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது. 1993-இல் இது மருத்துவ இதழில் வெளியானது. குவாங் ஃபாங் ஜியைச் சீனம் 2004-இல் விலக்கியது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டலோகியா இனம். அவையும் உங்கள் ஆய்வகத்துக்கு வருமானால் சல்லடை, உரல், கரண்டி எல்லாம் தனியாக இருக்கட்டும்.

நுண்ணோக்கி

அயோடின் விட்டு நீலமானால் மாவுக் கலப்படம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் சோதனையைத் திரிகடுகில் செய்யாதீர்கள். சுக்கு கிழங்கு. அதில் இயல்பாகவே மாவு நிறைந்திருக்கிறது. மிளகிலும் உண்டு, திப்பிலியிலும் உண்டு. சுத்தமான திரிகடுகும் கருநீலமாகத்தான் ஆகும். சீன மருந்தில் ஃபூ லிங் என்ற பூஞ்சைக்கட்டி ஒன்று உண்டு. அதில் மாவு கிடையாது, அயோடின் பட்டால் செந்நிறம் காட்டும். அங்கே நீலம் வந்தால் மாவால் பிடித்த போலி என்று உடனே சொல்லிவிடலாம். நமக்கு நிறம் போதாது, மணியின் உருவம் வேண்டும்.

ஊசி முனையில் நிற்கும் அளவு பொடி, ஸ்லைடில் ஒரு துளி தண்ணீரும் கிளிசரினும் சரிபாதி கலந்தது, மேலே கவர் ஸ்லிப். பொடி கூடினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதுவும் தெரியாது. முதலில் 10 மடங்கு லென்ஸ், பிறகு 40.

சுக்கின் மாவுமணி நீள்முட்டை வடிவம், தட்டையானது, ஒரு முனையில் மூக்குபோல் சிறிய கூர். பெரியவை 50 மைக்ரான் வரை போகும். அதன் தொப்புள் புள்ளி நடுவில் இருக்காது, அந்தக் கூர் முனையை ஒட்டி இருக்கும். பார்க்கச் சிறிய கோணிப்பை படுத்துக் கிடப்பதுபோல் இருக்கும். மிளகு, திப்பிலியின் மணிகள் மிகச் சிறியவை. மிளகில் 2 முதல் 5 மைக்ரான்தான், செல்லுக்குள் ரவைபோல் அடைந்து கிடக்கும். மரவள்ளி மணி இந்த இரண்டிலும் சேராது. 5 முதல் 35 மைக்ரான், உருண்டை, ஆனால் ஒரு பக்கம் வெட்டினதுபோல் தட்டையாக, கவிழ்த்த மத்தளம் மாதிரி. தொப்புள் நடுவில், அதிலிருந்து நட்சத்திரமாக வெடிப்பு. ஒருமுறை சேகோ ஆலை மாவை மட்டும் ஸ்லைடில் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு தவறாது.

ஒன்றிரண்டு மணி தென்பட்டதும் தீர்ப்பு எழுத வேண்டாம். அதே மில்லில் முன்னால் வேறு எதையோ அரைத்திருப்பார்கள். ஒப்பீட்டுப் பொடியில் 5, 10, 20 சதவீதம் மரவள்ளி மாவு கலந்து வைத்து, ஒவ்வொன்றிலும் 25 பார்வைப் பரப்பில் மத்தள மணிகளை எண்ணி ஒரு அட்டவணை போடுங்கள். கடைப் பொடியை அதோடு ஒப்பிட்டால் கலந்தது கைத்தவறா, வியாபாரமா என்பது தெரிந்துவிடும்.

வேகவைத்த மாவு, அதாவது ஜவ்வரிசித் தூள், உருவம் இழந்து கட்டிகட்டியாகத் தெரியும். சுக்கு பொதுவாக வேகாத சரக்கு, ஆகவே கூழ்க்கட்டிகள் நிறைய வந்தால் சந்தேகப்படுங்கள். மஞ்சள் தூளில் கணக்கு தலைகீழ். மஞ்சளை வேகவைத்துத்தான் உலர்த்துகிறார்கள். அங்கே கூழ்க்கட்டி இயல்பு, முழு மணி தென்பட்டால்தான் கலப்படம்.

இரண்டாவது ஸ்லைடு குளோரல் ஹைட்ரேட்டில். விளக்கில் லேசாகக் காட்டி, குமிழ் அடங்கியதும் பாருங்கள். மாவு கரைந்து மறைய, மிளகின் கல் செல்கள், சுக்கின் நார், எண்ணெய்ச் செல்கள் தெளியும். திப்பி இருந்தால் இங்கேதான் தெரியும்: நிறமும் எண்ணெயும் இல்லாத வெளிறிய செல்சுவர்க் கந்தல். வரிசையை மாற்றிக் குளோரல் ஹைட்ரேட்டை முதலில் போட்டால் மாவுக்கான தடயம் மொத்தமும் அழிந்துவிடும்.

சாம்பல்

வெள்ளைக்கல் நுண்ணோக்கியில் எளிதில் தெரியாது, சாம்பலில் தெரியும். சூடாக்கி ஆறவைத்து நிறுத்த சிலிகா கிண்ணத்தில் 2 முதல் 3 கிராம் பொடியைப் பரப்புங்கள். முதலில் சிறு தீயில் கருக்குங்கள். நேரே மஃபிள் ஃபர்னஸில் (மின் உலையில்) வைத்தால் திரிகடுகில் உள்ள எண்ணெய் பற்றிக்கொண்டு பொடியோடு பறக்கும். புகை நின்றதும் ஃபர்னஸில் 450 டிகிரிக்கு மிகாமல் வையுங்கள். அவசரப்பட்டு 600-க்கு ஏற்றினால் பொட்டாசிய உப்புகள் உருகிக் கரியை மூடிக்கொள்ளும். அதன்பின் எத்தனை மணி நேரம் வைத்தாலும் வெளுக்காது. அப்படி ஆகிவிட்டால் வெந்நீரில் கரைத்து, சாம்பல் விடாத வடிதாளில் வடித்து, தாளோடு மறுபடி எரித்து, வடிநீரையும் சேர்த்து வற்றவைத்து எரியுங்கள்.

டெசிகேட்டரில் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய பாத்திரத்தில்) அரை மணி ஆறவிட்டபின்தான் தராசு. சூடான கிண்ணம் காற்றை மேலே தள்ளி எடையைக் குறைத்துக் காட்டும். அடுத்தடுத்த இரண்டு எடைக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாதவரை திரும்பத் திரும்ப வையுங்கள்.

ஒரு கணக்கு: கிண்ணம் 31.2046 கிராம், பொடியோடு 33.2051, எரிந்தபின் 31.3167. பொடி 2.0005, சாம்பல் 0.1121, ஆக 5.60 சதவீதம். இந்தச் சாம்பலை 25 மில்லி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடித்து, வெந்நீரால் கழுவி, தாளோடு எரித்தால் மிஞ்சுவது 0.0128 கிராம், அதாவது 0.64 சதவீதம். கழுவுவதற்குப் போர்த் தண்ணீரைத் தொடாதீர்கள். அதன் உப்பு உங்கள் கணக்கில் ஏறும். காய்ச்சி வடித்த நீர்தான்.

இந்திய ஆயுர்வேத மருந்துநூலின் வரம்பு: மொத்தச் சாம்பல் சுக்குக்கு 6, மிளகுக்கு 5, திப்பிலிக்கு 7 சதவீதம். அமிலத்தில் கரையாதது முறையே 1.5, 0.5, 0.5. சம பங்குக்கு 6-ம் 0.83-ம் வரும். மேலே உள்ள மாதிரி இரண்டிலும் தேறுகிறது.

இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிப்பதில்தான் விஷயம். இரண்டும் ஏறியிருந்தால் மண், மணல். மொத்தம் மட்டும் ஏறி, கரையாதது சும்மா கிடந்தால் அமிலத்தில் கரையும் கல்: சுண்ணாம்பு, சாக், வெள்ளைக்கல். நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளைக்கல் கலந்தால் மொத்தச் சாம்பல் 10-ஐத் தொடும், கரையாத சாம்பலோ பெரிதாக அசையாது. கரையாத சாம்பலை மட்டும் பார்த்துப் பாஸ் போடும் ஆய்வகத்தில் இது தாராளமாக நழுவும். உறுதிப்படுத்த, எரிக்காத பொடி 10 கிராமைத் தண்ணீரில் கலக்கி, மிதப்பதை வடித்துவிட்டு, அடியில் தங்கும் வண்டலில் நீர்த்த அமிலம் விடுங்கள். சூடாக்காமலேயே நுரைத்தால் சுண்ணாம்புக்கல் வகை. சூடாக்கிய பிறகே நுரைத்தால் மேக்னசைட். சாம்பலிலேயே அமிலம் விட்டுப் பார்க்காதீர்கள், எந்தச் செடியின் சாம்பலும் கொஞ்சம் நுரைக்கும்.

ஈரமும் சத்தும்

105 டிகிரியில் உலர்த்தி எடை இழப்பைப் பார்ப்பது எளிது. ஆனால் திரிகடுகில் ஆவியாகும் எண்ணெய் உண்டு, அதுவும் சேர்ந்து போகும். ஈரம் மட்டும் வேண்டுமென்றால் டொலுவின் வைத்துக் காய்ச்சி வடித்து, நீரை அளவுக் குழாயில் பிடியுங்கள். ஏற்காட்டில் மழைமாதத்தில் பொட்டலம் கட்டிய சரக்குக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

சத்தெடுத்த சுக்கைக் கண்டுபிடிக்க, 5 கிராம் பொடியை 100 மில்லி ஆல்கஹாலில் மூடி வைத்து, முதல் ஆறு மணி நேரம் அடிக்கடி குலுக்கி, அடுத்த 18 மணி நேரம் அசையாமல் விட்டு வடியுங்கள். வடித்ததில் 25 மில்லியை வற்றவைத்து, 105 டிகிரியில் உலர்த்தி நிறுங்கள். எடையை 80-ஆல் பெருக்கினால் சதவீதம். எண்ணெய்ப் பிசின் ஆலையில் ஏற்கெனவே சாறு பிழிந்த சக்கை இங்கே பல்லிளிக்கும்.

டி.எல்.சி.

சிலிகா பூசிய தகட்டில் கரைசலை ஏறவிட்டு, உள்ளே இருக்கும் பொருள்களைப் பட்டைகளாகப் பிரிக்கும் சோதனை இது. ஒரு கிராம் பொடி, 10 மில்லி மெத்தனால், 15 நிமிடக் குலுக்கல், வடிப்பு. சிலிகா ஜெல் 60 எஃப் 254 பிளேட்டில் 10 மைக்ரோலிட்டர் வீதம் கடைப் பொடி, ஒப்பீட்டுப் பொடி, மில்லிக்கு ஒரு மில்லிகிராம் பைப்பரின் கரைசல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஓடவிடும் கரைப்பான், டொலுவின் 7 பங்கு, எத்தில் அசிட்டேட் 3 பங்கு. தொட்டியில் வடிதாள் வைத்து 20 நிமிடம் ஆவி நிறைந்தபின் 8 செ.மீ. ஓடவிடுங்கள். 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பைப்பரின் கரும்பட்டையாகத் தெரியும். பிறகு வனிலின்–கந்தக அமிலம் தெளித்து 105 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் சுக்கின் பட்டைகள் ஊதாவாக எழும்.

சேலத்து மே மாத மதியத்தில் இந்தக் கரைப்பான் கலவை தொட்டியிலேயே விகிதம் மாறும், பட்டைகளின் உயரமும் மாறும். காலையிலேயே முடியுங்கள். புத்தகத்து ஆர்.எஃப். எண்ணோடு (பட்டை ஏறிய உயரத்தின் விகிதம்) ஒப்பிடாமல் பக்கத்துப் பாதையோடு ஒப்பிடுங்கள். பைப்பரின் கரைசலுக்கு வெளிச்சம் ஆகாது, உருமாறிவிடும். ஜன்னலோரம் வைத்த புட்டியில் இருந்து எடுத்தால் எச்.பி.எல்.சி.யிலும் குறைவாகவே வரும். மிளகுக்கும் திப்பிலிக்கும் பைப்பரின் பொது என்பதால், விலை கூடிய திப்பிலியைக் குறைத்து மிளகை ஏற்றினால் இந்தப் பட்டை காட்டிக்கொடுக்காது. அதற்கு நுண்ணோக்கியும், ஒப்பீட்டுப் பொடியின் மற்றப் பட்டைகளும்தான்.

மூட்டுவலி மாத்திரை, இளைக்கும் மாத்திரை, சர்க்கரைச் சூரணம் ஆகியவற்றுக்கு இதே வகைப் பிளேட்டில், ரகசியமாகக் கலக்கப்படும் ஆங்கில மருந்துகளான டெக்ஸாமெத்தசோன், டைக்ளோஃபினாக், சிபுட்ரமின், கிளிபென்கிளமைடு ஆகியவற்றின் ஸ்டாண்டர்டையும் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் வலி பறந்தது என்ற பெயர் எடுத்த பொடியை முதலில் இதில் போடுங்கள்.

கிருமி

10 கிராம் பொடியை 90 மில்லி பெப்டோன் பஃபரில் கலந்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்துச் செல்லுங்கள். பாக்டீரியாவுக்கு 30–35 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாள், பூஞ்சைக்கு 20–25 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நாள். சேலத்து அறை வெப்பம் பூஞ்சைக்குச் சரிவராது, குளிரூட்டும் இன்குபேட்டர் வேண்டும். வரம்பு, கிராமுக்கு பாக்டீரியா 1,00,000, பூஞ்சை 1,000. ஈ.கோலை, சால்மொனெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா இருக்கவே கூடாது.

சுக்கும் மிளகும் தாமே கிருமியை அடக்குபவை. குறைவாக நீர்த்த பிளேட்டில் அவை வளர்ச்சியைத் தடுத்து, சரக்கு சுத்தம்போல் காட்டும். 1:10 பிளேட்டில் 20, 1:100-இல் 40 என்று தலைகீழாக வந்தால் அதுதான் காரணம். அந்தத் தடையை விலக்க, பஃபரில் பாலிசார்பேட் 80 சேருங்கள். எண்ணிக்கை தெரிந்த ஈ.கோலையைப் பொடிக் கரைசலில் விட்டு அது திரும்ப வளர்கிறதா என்று ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டில் ஆய்வகம் வைத்திருந்தால் ஆட்டோகிளேவை (கிருமி நீக்கும் அழுத்த நீராவிக் கலனை) கவனியுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கேஜ் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 118 டிகிரிதான் இருக்கும். 121 வேண்டுமென்றால் கேஜில் பதினேழரை வரை போக வேண்டும். கீழே சேலத்தில் சரியாக வந்த மீடியா (கிருமி வளர்க்கும் ஊட்டம்) மேலே கெட்டுப்போவதற்குப் பலமுறை இதுவே காரணம்.

உலோகம், பூஞ்சை நஞ்சு

இவற்றை வெளியே கொடுக்க வேண்டியிருக்கும். ஈயம் 10, ஆர்செனிக் 3, காட்மியம் 0.3, பாதரசம் 1 பி.பி.எம். என்பது நம் நாட்டு வரம்பு. சீனத்தில் ஈயம் 5, ஆர்செனிக் 2, காட்மியம் 1, பாதரசம் 0.2. எங்கே விற்கப் போகிறீர்கள் என்று சொல்லிக் கொடுங்கள், நம்மூரில் தேறியது அங்கே தோற்கலாம், அங்கே தேறியது இங்கே தோற்கலாம். மிச்சம் பிடிக்க நினைத்துச் சாம்பலை அனுப்பாதீர்கள். பாதரசம் ஃபர்னஸிலேயே பறந்திருக்கும். பொடியை மூடிய பாத்திரத்தில் மைக்ரோவேவ் முறையில் கரைக்கிறார்களா என்று கேளுங்கள்.

அஃப்லடாக்சின் பொடி முழுவதும் பரவி இராது, ஒரு மூலையில் பூத்த நான்கு மிளகிலிருந்து வரும். பனியில் சரியாகக் காயாத மிளகில் இந்த ஆபத்து அதிகம். அதனால் நன்றாகக் கலந்த 100 கிராமையாவது கொடுங்கள். சீன வரம்பு கிலோவுக்கு, பி1 வகை அஃப்லடாக்சின் 5 மைக்ரோகிராம், நான்கு வகையும் சேர்த்து 10. சுக்கு பளிச்சென்று வெளுத்திருந்தால் கந்தகப் புகைக்கும் ஒரு சோதனை சேருங்கள். சீனத்தில் பெரும்பாலான சரக்குகளுக்குச் சல்ஃபர் டை ஆக்ஸைடு வரம்பு கிலோவுக்கு 150 மில்லிகிராம்.

அறிக்கை வந்ததும் பேட்ச் எண், சோதனை முறை, கண்டறியும் எல்லை (அந்த முறையால் காண முடிந்த மிகக் குறைந்த அளவு) மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதி எல்லையைச் சொல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் முத்திரை ஆய்வகத்துக்குப் பொதுவாக இருந்தால் போதாது. அவர்கள் அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனையும் இந்தச் சரக்கு வகையும் இருக்க வேண்டும்.

முத்திரையிட்ட மூன்றாம் பங்கைக் கண்ணாடிப் புட்டியில், சிலிகா ஜெல் பையோடு, விற்றவரும் நீங்களும் குறுக்கே கையெழுத்திட்ட தாள் ஒட்டி, காலாவதித் தேதி தாண்டும்வரை இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஆறு மாதத்தில் எண்ணெய் வாசனை பாதி போய்விடும், தகராறு வரும்போது அந்தப் பொடி யாருக்கும் உதவாது.